அறுபது நாளில் பால் மறக்கடித்தேன், குட்டிகள் சவலையாகிவிட்டன. எங்கே தப்பு?

வைப்பாற்றங்கரை | 4 பிப்ரவரி, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். ஊர் விளாத்திகுளம் பக்கம். கொடி இன ஆடு 18, கன்னி இன ஆடு 6, மொத்தம் 24 தாய் ஆடுகள். பகலில் மேய்ச்சல், ராத்திரி பட்டி. கறிக்குத்தான் வளர்க்கிறேன், பால் பீய்ச்சுவது கிடையாது.

கார்த்திகை மழையோடு 19 குட்டிகள் கிடைத்தன. 60 நாளில் குட்டியைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். அதை நம்பி, பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து 14 குட்டிகளை ஒரே நாளில் பிரித்துத் தனிக் கொட்டகையில் அடைத்தேன். மூன்று நாள் ராத்திரி பகலாக ஒரே கத்தல். அப்புறம் கத்தல் நின்றது, குட்டிகள் வற்ற ஆரம்பித்தன. முடி சிலிர்த்துப் போய், வயிறு மட்டும் பானை மாதிரி இருக்க, முதுகெலும்பு கையில் தட்டுகிறது. பத்தாம் நாள் இரண்டு குட்டிகள் ரத்தக்கழிச்சலில் போய்விட்டன. பிந்திப் பிறந்ததால் பிரிக்காமல் விட்ட ஐந்து குட்டிகளோ துள்ளித் திரிகின்றன.

அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "குட்டிய சவலையாக்கிட்டியேப்பா." அவர் காலத்தில் நாலு மாசம் வரைக்கும் ஊட்டும், தாயே உதைத்து விரட்டினால்தான் நிற்குமாம்.

என் கேள்வி இதுதான். எத்தனை நாளில் பிரிப்பது சரி? 60-ஆ, 90-ஆ, 120-ஆ?

பரண்வீடு | 4 பிப்ரவரி, இரவு 9:48

தம்பி, நாளைக் கேட்கிறீர்கள், எடையைச் சொல்லவில்லையே. பிரித்த அன்று குட்டி எத்தனை கிலோ? பிறந்தப்போ எத்தனை? பிரிப்பதற்கு முன்னால் தீவனம் தின்று பழகியதா, தின்றால் எவ்வளவு? இது தெரியாமல் 60, 90 என்று யார் சொன்னாலும் அது ஜோசியம்தான்.

தாராபுரம் பக்கம் பரண் (தரைக்கு மேலே உயர்த்திய பலகைத் தளம்) போட்டு தலைச்சேரி இன ஆடு வளர்க்கிறேன். நானும் முதல் வருஷம் உங்களைப் போலவே நாட்காட்டியைப் பார்த்துப் பிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

வைப்பாற்றங்கரை | 4 பிப்ரவரி, இரவு 10:20

அண்ணே, பிறந்த எடை போடவில்லை. பிரித்த அன்று தொங்கு தராசில் போட்டேன். ஒற்றைக் குட்டிகள் எட்டு, எட்டரை கிலோ. இரட்டைக் குட்டிகள் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள். நேற்று மறுபடி போட்டுப் பார்த்தால் எட்டே கால் கிலோ இருந்த ஒன்று ஏழரைக்கு வந்திருக்கிறது.

தீவனம் பிரிப்பதற்கு ஐந்து நாள் முன்னால்தான் வைத்தேன். அதையும் தாய் ஆடுகள் முண்டித் தின்றுவிட்டன. குட்டிகள் மோந்து பார்த்ததோடு சரி. பிரித்த பிறகு கடலைக்கொடியும் சோளத்தட்டையும் தாராளமாகப் போட்டேன். அடர்தீவனம் ஆளுக்கு ஒரு கைப்பிடி.

மாட்டாஸ்பத்திரிக்காரர் | 5 பிப்ரவரி, காலை 6:15

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் நான். உங்கள் பதிலிலேயே விடை இருக்கிறது. 60 நாளில் பிரித்தது பெரிய குற்றம் இல்லை. 55 நாள் வரை தீவனம் வைக்காததுதான் குற்றம்.

பிறந்த குட்டி, வயிற்றைப் பொறுத்தவரை, ஆடே இல்லை. அசை போடும் முதல் வயிறு அப்போது ஒரு சுருங்கிய பைதான், பாலைச் செரிக்கும் நாலாம் வயிறுதான் பெரிது. வளர்ந்த ஆட்டில் இது தலைகீழ். மொத்த வயிற்றில் ஐந்தில் நாலு பங்கு முதல் வயிறே பிடித்துக்கொள்ளும். குட்டி காம்பைச் சப்பும்போது உணவுக்குழாய் முடிகிற இடத்தில் ஒரு மடிப்பு குழல் மாதிரி சுருண்டுகொண்டு, பாலை முதல் வயிற்றுக்குள் விடாமல் நேராக நாலாம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். ஆகவே பால் எவ்வளவு குடித்தாலும் முதல் வயிறு வளராது. அது வளர வேண்டுமானால் உள்ளே தீனி விழ வேண்டும், நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்க வேண்டும்.

வேலை பார்த்த காலத்தில் பிரேதப் பரிசோதனைக்கு வரும் குட்டிகளின் வயிற்றைத் திறந்து, பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்காரரிடம் தடவிப் பார்க்கச் சொல்வேன். பால் மட்டுமே குடித்த குட்டிக்கு முதல் வயிற்றின் உட்புறம் பலூன் மாதிரி வழவழவென்று இருக்கும். அதே வயதில் ஒரு மாதமாகத் தீவனம் தின்ற குட்டிக்குத் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்தப் பூ மாதிரியான நீட்சிகள் வழியாகத்தான் சத்து ரத்தத்துக்குப் போகிறது. தானியம் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள், முக்கியமாக பியூட்ரிக் அமிலம், அவற்றை வளர்க்கும். தழையும் கொடியும் வயிற்றுக்குப் பருமனையும் தசையையும் கொடுக்கும். இரண்டும் வேண்டும். நீங்கள் வழவழ வயிற்றுக் குட்டியிடம் சோளத்தட்டையைக் கொடுத்துவிட்டு, பாலையும் பிடுங்கிவிட்டீர்கள். தட்டை செரிக்காமல் தேங்குகிறது, அதுதான் பானை வயிறு.

நான் பார்த்த வரை பிரிக்க இரண்டு அடையாளம் போதும். பிறந்த எடையைப் போல் இரண்டரை மடங்காவது வந்திருக்க வேண்டும். அது மிகக் குறைந்த அளவு. நம் ஊர் மேய்ச்சல் ஆட்டுக்கு நான் மூன்று மடங்குக்கு மேல் கேட்பேன். அடுத்தது, தொடர்ந்து மூன்று நான்கு நாள், நாளுக்கு 100 கிராம் பக்கம் தீவனம் தானாகத் தின்ன வேண்டும். பிறந்த எடை நீங்கள் போடாததால் உத்தேசமாகத்தான் சொல்கிறேன்: உங்கள் ஒற்றைக் குட்டிகள் எடையில் தேறிவிட்டன, தீனியில் தவறிவிட்டன. இரட்டைகள் பெரும்பாலும் இரண்டிலும் தவறிவிட்டன.

ரத்தக்கழிச்சலுக்கு வருகிறேன். மூன்று வாரத்திலிருந்து ஐந்து மாதம் வரையுள்ள குட்டிகளைத் தாக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி பெரும்பாலும் எல்லாப் பட்டியிலும் இருப்பதுதான். தாயைப் பிரிந்த அதிர்ச்சி, ஈரத் தரை, நெருக்கம் மூன்றும் சேர்ந்தால் அது தலை தூக்கும். மருந்துப் பெயர் இங்கே எழுதமாட்டேன், அளவு தப்பினால் வினை. புதுச் சாணத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு இன்றைக்கே போங்கள். மிச்சமுள்ள 12 குட்டிகளில் நலிந்ததைத் தாயிடம் திரும்ப விடுங்கள். பத்து நாள்தானே ஆகிறது, மடி முழுதாக வற்றியிருக்காது.

கரிசல்கிடை | 5 பிப்ரவரி, காலை 11:02

டாக்டரய்யா சொன்னது சரிதான். ஆனால் எங்களைப் போல 100, 120 உருப்படி மேய்க்கிறவன் ஒவ்வொரு குட்டியையும் தராசில் தொங்கவிட முடியுமா? கோவில்பட்டிக்குக் கிழக்கே நாங்கள் யாரும் குட்டியைப் பிரிப்பதே கிடையாது. மேய்ச்சலுக்கு ஆடு கிளம்பும்போது குட்டிகளைப் பட்டியில் அடைத்துவிடுவோம். சின்னதைக் கூடாப்பில் (குட்டியை மூடிவைக்கும் பெரிய கூடை) கவிழ்ப்போம். அகத்தித் தழையோ வேலிமசால் தழையோ கட்டுக் கட்டாகக் குட்டி வாய்க்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டால் நாள் பூரா கடித்துக்கொண்டிருக்கும். வெள்வேல் நெற்று கிடைக்கும் காலத்தில் அதுவும் உண்டு. சாயங்காலம் ஆடு வந்ததும் ஒரு ஊட்டு, விடியற்காலை ஒரு ஊட்டு. மூன்றரை, நாலு மாசத்தில் தாயே பின்னங்காலால் உதறிவிடும். சவலை என்ற பேச்சே இல்லை.

மாட்டாஸ்பத்திரிக்காரர் | 5 பிப்ரவரி, மாலை 5:40

கரிசல்கிடை ஐயா, பிரிப்பதே இல்லை என்கிறீர்கள், ஆனால் தினமும் ஒன்பது மணி நேரம் பிரிக்கத்தானே செய்கிறீர்கள்! காலையும் மாலையும் மட்டும் ஊட்டவிட்டு இடையில் தழையைக் காட்டுவதை நாங்கள் கல்லூரியில் ஒரு முறையாகவே படித்தோம். உங்கள் பாட்டனார் படிக்காமலே செய்திருக்கிறார். பசித்த குட்டி பகலில் தழையைத் தேடும், அதனால் முதல் வயிறு தானாக வளர்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை77 | 5 பிப்ரவரி, இரவு 8:30

முறை நல்ல முறைதான், கணக்கில்தான் இடிக்கும். ஆட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து வாங்க வேண்டுமானால் ஈத்துக்கு ஈத்து 240 நாள். 240-இல் 150 போனால் 90. அதாவது குட்டி போட்ட 90 நாளுக்குள் தாய் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். 60, 70 நாளில் பாலை நிறுத்தினால் தாய்க்கு உடம்பு தேற இருபது நாளாவது கிடைக்கும். 120 நாள் ஊட்டினால் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு ஈத்துதான். 24 தாய்க்கு அந்த வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள். பயிற்சி வகுப்பில் சொன்னவர் இதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

கரிசல்கிடை | 5 பிப்ரவரி, இரவு 9:05

பிள்ளைவாள், காகிதத்தில் ஆடு 240 நாளில் ஈனும். சித்திரை வைகாசியில் கரிசலில் புல்லே இல்லாதபோது எந்த ஆடு பருவத்துக்கு வருகிறது என்று நேரில் வந்து பாருங்கள். எலும்பும் தோலுமாக இருக்கும் தாயிடமிருந்து குட்டியைப் பிடுங்கினாலும் அது கத்தாது (பருவத்துக்கு வராது என்கிறேன்). முதலில் தாய்க்குத் தீனி, அப்புறம் கணக்கு.

மாட்டாஸ்பத்திரிக்காரர் | 5 பிப்ரவரி, இரவு 9:30

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒரு திருத்தம் மட்டும்: கறிக்குப் போகிற கிடாக் குட்டியையும், பட்டியில் தங்கப் போகிற பெட்டையையும் ஒரே தேதியில் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரட்டையில் நோஞ்சானாக இருப்பதை மட்டும் இன்னும் மூன்று வாரம் ஊட்டவிடலாம். மூன்று மாதத்துக்கு மேல் கிடாவையும் பெட்டையையும் ஒன்றாக விடாதீர்கள். நாலு மாதக் கிடா சினைப்படுத்திவிடும், தங்கச்சி என்றெல்லாம் பார்க்காது.

முக்குட்டியம்மா | 6 பிப்ரவரி, காலை 10:15

ஓமலூர் பக்கம் நான். போயர் இனக் கலப்பு ஆடுகள், அடிக்கடி மூன்று குட்டி போடும், காம்பு இரண்டுதான். மூன்றாவது எப்பவும் என் மடியில். அதனால் புட்டிப்பால் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போகாத குட்டி என்னிடம் பிழைத்ததே அபூர்வம். தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது குட்டிக்கு வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. ஒரு நாள் தாண்டினால் குடலும் அதை உள்ளே விடாது. இரண்டரை கிலோ குட்டிக்கு முதல் நாளில் கால் லிட்டர் போக வேண்டும். நிறையச் சீம்பால் வரும் ஆட்டிடம் கொஞ்சம் பீய்ச்சி உறையவைத்துக்கொள்வேன். தேவைப்படும்போது வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்க வேண்டும். முதல் தடவை தெரியாமல் அடுப்பில் வைத்தேன், திரிந்து பன்னீர் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் பசும்பால்தான். முதல் வாரம் ஐந்து வேளை, வேளைக்கு 80 முதல் 100 மில்லி. பிறகு அளவைக் கூட்டி வேளையைக் குறைப்பேன். உடம்புச் சூட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும், கை மணிக்கட்டில் விட்டால் சூடு லேசாகத் தெரியணும். குழந்தைக்குப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்காதீர்கள், பால் நுரையீரலுக்குப் போய்விடும். நிற்கவைத்து, கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, தாய்மடியில் முட்டுகிற மாதிரி.

வேலை மிச்சமாகட்டும் என்று ஒரு வருஷம் வாளியில் ஊற்றிக் குடிக்கப் பழக்கினேன். ஐந்து குட்டிகள் தலையை விட்டு மடமடவென்று இழுத்தன. டாக்டர் சொன்ன அந்த மடிப்பு சரியாகச் சுருளாது போல, பால் தப்பான வயிற்றுக்குப் போய்ப் புளித்து இரண்டுக்கு உப்புசம். ஒன்று விடியவில்லை. இப்போது வாளியின் பக்கத்தில் ஓட்டை போட்டு ரப்பர் காம்பு மாட்டியிருக்கிறேன். சப்பிக் குடிப்பதால் மெதுவாகப் போகிறது.

இன்னொரு தப்பும் செய்தேன். பால் மறக்கடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்தேன். குட்டி வயிறு நிறைந்த மயக்கத்தில் தீவனத்தைத் தொடவே இல்லை. இப்போது கெட்டிப் பாலையே கொடுத்து வேளையைத்தான் குறைக்கிறேன். ஆறாவது வாரம் இரண்டு வேளை, ஒன்பதாவது வாரம் காலையில் மட்டும், அப்புறம் நிறுத்தம். பசிக்கிற நேரத்தில் தீவனத் தட்டு முன்னால் இருக்கணும், அவ்வளவுதான்.

வைப்பாற்றங்கரை | 6 பிப்ரவரி, இரவு 9:00

அக்கா, ரொம்ப நன்றி. சாணத்தைப் பார்த்ததில் டாக்டர் ஐயா சொன்ன அதே காக்சிடியாதான். கூடவே நாடாப்புழு. புழுக்கையில் வேகவைத்த அரிசி மாதிரி ஒட்டியிருந்ததை நான் இத்தனை நாள் தீனித் துணுக்கு என்று நினைத்தேன். மருந்து கொடுத்தாயிற்று. ஏழு குட்டிகளைத் தாயிடம் விட்டேன், ஐந்தைத் தாய் சேர்த்துக்கொண்டது, இரண்டை முட்டித் தள்ளிவிட்டது.

குட்டித் தீவனத்துக்கு என்ன கலப்பது? கடையில் விற்கும் கறவை மாட்டுத் தீவனமே போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

பரண்வீடு | 6 பிப்ரவரி, இரவு 9:35

மாட்டுத் தீவனம் வேண்டாம். சிலவற்றில் யூரியா சேர்ப்பார்கள், அசை போடப் பழகாத குட்டிக்கு அது விஷம். என் கலவை 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 15, உளுந்தப்பொட்டு 12, தாது உப்பு 2, சாதா உப்பு 1. புண்ணாக்கைக் கையில் உடைத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் விலை மலிவு என்று வாங்காதீர்கள், குட்டி ஈரல் தாங்காது.

பிறந்த பதினைந்தாம் நாளே வைக்க வேண்டும். முதல் வாரம் நக்கிப் பார்ப்பதோடு சரி, மீந்ததைத் தாய்க்குப் போட்டுவிட்டு தினம் புதிதாக வையுங்கள். தாய் முண்டாமல் இருக்க, பட்டியின் ஒரு மூலையை மறித்துப் பலகைகளுக்கு நடுவே ஆறு அங்குல இடைவெளி விடுங்கள். குட்டி நுழையும், தாய் நுழையாது. என் குட்டிகளுக்கு அந்த மூலைதான் டீக்கடை. ஒன்று தின்பதைப் பார்த்து இன்னொன்று பழகும்.

மாட்டாஸ்பத்திரிக்காரர் | 7 பிப்ரவரி, காலை 6:30

கலவை நன்றாக இருக்கிறது. கிடாக் குட்டிக்குத் தவிட்டை இதற்கு மேல் கூட்டாதீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நாளாக நாளாகச் சிறுநீர்க் குழாயில் கல் அடைக்கும். சீக்கிரமே காயடித்த கிடாவுக்கு குழாய் இன்னும் குறுகல். குட்டி முக்கிக்கொண்டு நின்றால் மலச்சிக்கல் என்று எண்ணெய் ஊற்றுகிறார்கள், அடைத்திருப்பது வேறு இடத்தில்.

தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் துள்ளுமாரி (குடலில் நஞ்சேறிக் குட்டி திடீரென்று சாகும் நோய்) வரும், அதுவும் கொழுகொழுவென்று இருக்கும் நல்ல குட்டிக்குத்தான் முதலில் வரும். பிரிப்பதற்கு முன்பே அதன் தடுப்பூசியைப் போட்டு முடித்துவிடுங்கள். பிரிப்பது, காயடிப்பது, ஊசி போடுவது, இடம் மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தைச்சீனி | 7 பிப்ரவரி, மதியம் 2:10

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் 20 வருஷமாக ஆடு வாங்கி விற்கிறேன். வாங்குகிறவன் பக்கத்தையும் கேளுங்கள். குட்டியைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னால் முதுகின் பின்பக்கம், விலா முடிகிற இடத்துக்கும் இடுப்புக்கும் நடுவில், நாலு விரலை வைத்து அழுத்துவோம். அங்கே சதை திரண்டிருந்தால் அது பால் நன்றாகக் குடித்து, தீனிக்கும் மாறிய குட்டி. விரலில் எலும்பு குத்தினால் வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாங்கள் ஏமாறமாட்டோம், அந்த வயிற்றில் இருப்பது தண்ணீரும் தட்டையும். 15 கிலோ நல்ல குட்டி உரித்தால் ஏழு கிலோ பக்கம் கறி விழும், பானை வயிற்றுக்காரன் ஆறுக்கே மூக்கால் அழுவான்.

பால்குட்டிக் கறி வெளிறி, பஞ்சு மாதிரி இருக்கும், இரண்டு விசிலில் வெந்துவிடும். குண்டிக்காயை (சிறுநீரகத்தை)ச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். மேய்ந்த குட்டிக் கறி சிவப்பு, கடித்தால் கறி என்று தெரியும். நம்மூரில் கேட்பது இரண்டாவதைத்தான்.

மாட்டாஸ்பத்திரிக்காரர் | 7 பிப்ரவரி, மாலை 6:00

ஸ்பெயின், இத்தாலி பக்கம் நேர்மாறு. பால் மட்டுமே குடித்த ஒன்றிரண்டு மாதக் குட்டிக்குத்தான் அங்கே மதிப்பு, பண்டிகைக்கு அதைத்தான் தேடுவார்கள். அங்கே பால் மறக்கடிக்கும் பேச்சுக்கே இடமில்லை, அதற்குள் அடுப்பேறிவிடும். அவர்கள் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கே தேதி குறிக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை77 | 7 பிப்ரவரி, இரவு 7:20

பக்ரீத்துக்கு விற்கிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. குர்பானிக்கு ஆடு ஒரு வருஷம் நிறைந்திருக்க வேண்டும், பல் பார்த்துத்தான் வாங்குவார்கள். 60-இல் பிரித்தாலும் 90-இல் பிரித்தாலும் இடையில் ஒன்பது பத்து மாதம் இருக்கிறது, தேறிவிடும்.

சந்தைச்சீனி | 7 பிப்ரவரி, இரவு 8:00

தேறும், ஆனால் முழுசாகத் தேறாது. சின்னதில் சவலை விழுந்த கிடாவை ஒரு வருஷம் கழித்தும் நான் அடையாளம் காட்டுவேன். தலை பெரிதாக, நெஞ்சு ஒடுங்கி நிற்கும்.

வைப்பாற்றங்கரை | 29 ஜூலை, இரவு 9:15

எல்லாருக்கும் மறுபடி வணக்கம். சொல்லாமல் போய்விட்டான் என்று நினைத்திருப்பீர்கள். சித்திரைக் கடைசியில் போட்ட 11 குட்டிகளை வைத்து இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன், அதைச் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

பிறந்த அன்றே எடை போட்டு, காதில் எண் மாட்டி, நோட்டில் எழுதினேன். கொடி ஒற்றை சராசரியாக 2.3 கிலோ, கன்னி இரட்டை 1.9. பதினாறாம் நாள் குட்டி மூலை தயார். அப்பா பழைய கட்டில் சட்டத்தை அறுத்து ஆறு அங்குல இடைவெளியில் அடித்துக் கொடுத்தார். ஒரு கொம்பில்லாத கிழட்டு ஆடு மட்டும் எப்படியோ பக்கவாட்டில் நுழைந்து, முன்பாதி உள்ளே பின்பாதி வெளியே என்று மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டியது.

கரிசல்கிடை அண்ணன் சொன்ன மாதிரி பகலில் தாய் மேய்ச்சலுக்கு, குட்டிக்கு வேலிமசால் கட்டு. 50-ஆம் நாள் வாக்கில் தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தன. 60-ஆம் நாளிலிருந்து சாயங்கால ஊட்டு மட்டும். எடையும் தீனியும் பார்த்து ஆறு குட்டிகளை 70-ஆம் நாளும், மூன்றை 82-ஆம் நாளும் பிரித்தேன். இரண்டு இன்னும் ஊட்டுகிறது.

இந்தத் தடவை பிரித்தபோது குட்டிகளை அசைக்கவே இல்லை. தாய்களைத்தான் என் கூடப்பிறந்த அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு ஓட்டிவிட்டோம். அதே மூலை, அதே தட்டு, அதே கூட்டாளிகள். ஒன்றரை நாள் கத்தியதோடு சரி. பத்து நாளில் எடை இறங்கியது ஒன்றுக்குத்தான், அதுவும் 150 கிராம். கழிச்சல் இல்லை. தாய்களில் நாலு பருவத்துக்கு வந்துவிட்டன. கணக்குப்பிள்ளை சாருக்காக இதைச் சொல்கிறேன். மூன்று இன்னும் எலும்புதான், அது கரிசல்கிடை அண்ணனுக்காக.

போன தடவைக் குட்டிகளில் தேறிய பத்தை ஆடிக் கொடைக்குக் கேட்டு வந்தார்கள். தாயிடம் திரும்ப விட்டவை பதினைந்து கிலோவைத் தொட்டன. தாய் முட்டித் தள்ளிய அந்த இரண்டும் ஒன்பதரையிலேயே நிற்கின்றன. வாங்க வந்தவர் சீனி அண்ணன் சொன்ன அதே இடத்தில் நாலு விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த இரண்டையும் தொடாமல் தாண்டிப் போனார்.

ஒரு சந்தேகம் மட்டும். தாய்களை ஓட்டிவிட்ட அன்று அதில் இரண்டுக்கு மடி கல் மாதிரி கட்டிவிட்டது. பீய்ச்சலாமா, அப்படியே விடலாமா?

மாட்டாஸ்பத்திரிக்காரர் | 30 ஜூலை, காலை 6:05

சூடும் சிவப்பும் இல்லையென்றால் பீய்ச்சாதீர்கள், பீய்ச்சினால் மறுபடி சுரக்கும். தாய்க்கு மூன்று நாள் அடர்தீவனத்தை நிறுத்தி வெறும் தட்டை மட்டும் போடுங்கள், தானே வற்றும். தொட்டால் சூடாக இருந்தாலோ, ஆடு காலை அகட்டி நடந்தாலோ, பாலில் திரித்திரியாக வந்தாலோ மடிநோய். அப்போது காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருந்தகத்துக்குக் கொண்டு போய்விடுங்கள்.